கோப்பு ஏன் ஏறவில்லை? – பி.எச்.பி. வழங்கிகளின் எல்லைகள் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவிற் பேணுதல் பற்றிக் கடந்த இரு தசாப்தங்களாக நம்மிடையே கணிசமாகப் பேசப்பட்டும் எழுதப்பட்டும் வந்துள்ளது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தமை இப்பேச்சுக்களின் தொடக்கமாக அமைவது வழக்கம். 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பெற்ற 'நூலகம்' எண்ணிம நூலகத்தின் பணி அவற்றின் நடுப்பகுதியாக அமையும். எதைப் பேணுவது, யார் பேணுவது, யாருக்காகப் பேணுவது ஆகிய வினாக்கள் ஓரளவு விவாதிக்கப்பட்டுள்ளன. ஆயின், வருடப்பட்ட ஒரு பக்கம் ஒருவரது கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ புறப்பட்டு, ஆவணத் தளமொன்றின் வழங்கியைச் சென்றடையும் இடைவழி பற்றி நமது ஆய்வுலகம் அநேகமாக எதுவும் கூறவில்லை. அது தொழினுட்பவியலாளரின் சில்லறைக் காரியம் என ஒதுக்கப்பட்டுவிட்டது. எந்த ஊரின் எந்தத் தாள் நாளைய வரலாற்றாசிரியனின் கைக்குக் கிட்டும் என்பதை அச்சில்லறைக் காரியமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முனைகின்றது.

புதுக்குடியிருப்பை உதாரணமாகக் கொள்வோம். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் அமைந்த இவ்வூரை 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களிற் போரின் இறுதிக்கட்டம் கடந்து சென்றது. மக்கள் மாத்தளன், முள்ளிவாய்க்கால் எனக் கடற்கரையோரமாக ஒடுங்கி, பின்னர் வவுனியா முகாம்களை அடைந்து, அதன் பின்னரே படிப்படியாக மீளக்குடியமர்ந்தனர். இடம்பெயருந்தோறும் வீட்டுச் சாமான்கள் குறைந்துகொண்டே வந்தன. இறுதிவரை சொப்பிங் பையிற் சுற்றி மார்போடு அணைத்துக் கொண்டுவரப்பட்டவை பிறப்புச் சான்றிதழ்களும், அடையாள அட்டைகளும், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரங்களுமே. 2017இன் தொடக்கத்தில் இராணுவத்தின் வசமிருந்த தமது காணிகளைக் கேட்டு இவ்வூர் மக்கள் வீதியோரத்தில் அமர்ந்து போராடினர். காணி தமது என்பதை நிறுவ எஞ்சிய தாள்கள் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை அங்கு எவரும் எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இத்தகைய ஊரில் ஆசிரியை ஒருவர், தம் பாடசாலையின் பழைய மலரொன்றையும், ஊரவர் சிலர் விரும்பிக் கொடுத்த கடிதங்களையும் தாள்களையும் வருடி, ஓர் ஆவணத் தளத்தின் படிவத்தினூடாக அனுப்ப முற்படுகின்றார் எனக் கொள்வோம். 'அனுப்புக' என்னும் பொத்தானை அழுத்துகின்றார். சற்று நேரம் ஏதோ சுழல்கின்றது. பின்னர் ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றுகின்றது. அல்லது எதுவுமே தோன்றாது வெறும் படிவம் மீண்டும் வந்து நிற்கின்றது. "எனக்குத்தான் இது தெரியவில்லை" என்று அவர் எண்ணுகின்றார். இவ்வெண்ணமே நாம் ஆராயவேண்டிய முதற்பொருள். தோல்விக்கான காரணம் பெரும்பாலும் வழங்கியில் எவரோ வகுத்த, அல்லது எவரும் மாற்றாது விட்ட, ஓர் எண்ணில் இருக்கின்றது. அவ்வெண் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாத காரணத்தால் அது இயற்கையின் விதிபோலத் தோற்றமளிக்கின்றது. மனிதருக்கிடையிலான உறவுகள் பொருள்களின் இயல்புகளாகத் தோற்றங்கொள்வது பற்றி மார்க்ஸ் கூறியதை நினைவுகூர்வோர்க்கு இது புதிய செய்தியன்று. கணினித் துறையினர் இத்தகைய எண்களை 'இயல்பிருப்பு' என்றே அழைப்பர். சொல்லே ஒரு கருத்துநிலையைச் சுமந்து நிற்கின்றது.

இயல்பிருப்புகளுக்கு ஒரு வரலாறு உண்டு. உலகளாவிய வலை தொடக்கத்தில் வாசிப்பதற்கான களமாகவே பெரிதும் வளர்ந்தது. படிவத்தினூடாக ஒரு முழுக் கோப்பை வழங்கிக்கு அனுப்பலாம் என்னும் முன்மொழிவை செரொக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நெபெல், மசின்ரர் ஆகிய இருவர் 1995 நவம்பரில் வெளியிட்டனர். இணைய நியம ஆவணங்களின் வரிசையில் அதன் எண் 1867. ('மூலதனம்' முதலாம் தொகுதி வெளிவந்த ஆண்டும் 1867 என்பது தற்செயல், அதிற் பொருள் தேடவேண்டியதில்லை.) அதே 1995ஆம் ஆண்டு யூன் மாதத்திலேயே ராஸ்மஸ் லேர்டோர்ஃப் தமது சொந்த முகப்புப் பக்கத்துக்கென எழுதிய சிறு கருவிகளைப் பி.எச்.பி. என்ற பெயரிற் பொதுவில் வெளியிட்டார். தனிமனிதரின் முகப்புப் பக்கத்துக்கான கருவி என்பதே அப்பெயரின் முதற் பொருள். இன்று விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் பி.எச்.பி.யில் எழுதப்பட்டது, நூலகம் தளத்தின் விபரப்பட்டியலும் அம்மென்பொருளின் மீதே அமைந்துள்ளது. ஒருவரது முகப்புப் பக்கத்துக்கு ஒரு சிறு நிழற்படம் ஏற்றப்படும் என்ற எதிர்பார்ப்பும், ஒரு சமூகத்தின் எஞ்சிய தாள்கள் ஏற்றப்படும் என்ற எதிர்பார்ப்பும் ஒன்றல்ல. ஆயினும் முன்னையதற்கே பொருந்தும் எண்கள் பின்னையதன் மீதும் ஆட்சி செலுத்துகின்றன.

இணைப்பின் அமைப்பும் இதற்கு உடந்தை. தொலைபேசிக் கம்பியினூடாக வீடுகளுக்கு வந்த அகலப்பட்டை இணைப்பு, பெயரளவிலேயே சமச்சீரற்றது. 1999இல் வகுக்கப்பட்ட அதன் நியமம் கீழிறக்கத்துக்கு வினாடிக்கு 8 மெகாபிற்று வரையும், மேலேற்றத்துக்கு ஏறத்தாழ 1 மெகாபிற்று வரையும் இடமளித்தது. கைப்பேசி வலையமைப்புகளும் இதே சாய்வை உடையன. நுகர்வோனுக்கு அகன்ற பாதை. ஆக்குவோனுக்கு ஒடுங்கிய பாதை. பொறியியற் காரணங்கள் இதற்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. வீட்டிலிருப்பவன் பெறுபவனே, தருபவனல்லன் என்ற வணிக அனுமானம் அப்பொறியியலுக்கு முற்பட்டது என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இனி, அந்த ஆசிரியையின் கோப்பைப் பின்தொடர்ந்து செல்வோம். வழியில் பல வாயில்கள் உள. எந்த வாயிலில் அது நின்றுபோயிற்று என்பதை அறிந்தாலே திருத்தம் இயலும். அறியாது எல்லா எண்களையும் ஒருசேரக் கூட்டிவிடுவோர் பலர், அது வைத்தியமாகாது.

முதல் வாயில் படிவமே. அதன் உள்ளடக்கத்தை உலாவி எவ்வாறு பொதிய வேண்டும் என்பதை 'என்ரைப்' என்னும் பண்பு கூறும். அது குறிக்கப்படாவிடின் உலாவி யாவற்றையும் ஒரே எழுத்துத் தொடராக அனுப்பும். கோப்பின் பெயர் செல்லும், கோப்புச் செல்லாது. 'மல்ரிபார்ட்/ஃபோர்ம்-டேற்றா' எனக் குறித்து, அனுப்பும் முறையையும் 'போஸ்ற்' என ஆக்கினாலன்றி எதுவும் நகராது. இது எளிய வழு. ஒருமுறை திருத்தினால் மீண்டும் வராது. ஆகவே இதனை விடுத்து மேலே செல்வோம்.

இரண்டாவது, பி.எச்.பி.க்கு முன்னால் காவல் நிற்கும் வலை வழங்கி. இன்று பெருவழக்கிலுள்ள என்ஜின்எக்ஸ் வழங்கியில் 'கிளையன்ற்_மக்ஸ்_பொடி_சைஸ்' என்னும் எல்லையின் இயல்பிருப்பு 1 மெகாபைற்று மட்டுமே. கைப்பேசியில் எடுத்த ஒரு பக்கத்தின் நிழற்படமே அதனைத் தாண்டிவிடும். தாண்டிய கோப்புக்கு 413 என்னும் எண்ணுடன் வெண்ணிறப் பக்கமொன்று ஆங்கிலத்தில் விடையாகக் கிட்டும். இங்கு நிருவாகி ஒன்றை நன்கு அறிந்திருத்தல் வேண்டும்: கோரிக்கை பி.எச்.பி.யைச் சென்றடையவே இல்லை. ஆகவே பி.எச்.பி.யின் வழுப் பதிவேட்டில் ஒரு வரிதானும் இராது. அங்கு தேடி எதுவுமில்லையென்று கண்டு, "எமது பக்கத்திற் பிழையில்லை" என அனுப்பியவருக்கு மறுமொழி எழுதும் வழக்கம் இவ்விடத்திலிருந்தே பிறக்கின்றது. வலை வழங்கிக்குத் தனியான பதிவேடு உண்டு. அதனையே முதலிற் பார்த்தல் வேண்டும். அப்பாச்சி வழங்கி இவ்விடயத்தில் நீண்டகாலம் தாராளமாக இருந்தது. 2.4.53ஆம் பதிப்பு வரை அதன் உடலெல்லை வரையறையற்றது. அதன் பின்னர் 1 கிகாபைற்று.

மூன்றாவது வாயிலிலேதான் மிகுதியான கோப்புகள் மடிகின்றன; மடிந்த செய்தியும் அங்குதான் மறைகின்றது. பி.எச்.பி.யில் ஒன்றோடொன்று தொடர்புற்ற இரு எல்லைகள் உள. 'அப்லோட்_மக்ஸ்_ஃபைல்சைஸ்' ஒரு தனிக்கோப்பின் எல்லை. இயல்பிருப்பு 2 மெகாபைற்று. 'போஸ்ற்_மக்ஸ்_சைஸ்' கோப்புகள், பெயர், குறிப்பு யாவும் அடங்கிய முழுக் கோரிக்கையின் எல்லை. இயல்பிருப்பு 8 மெகாபைற்று. இவ்விரண்டனுள் முதலாவதை மீறிய கோப்புக்குப் பி.எச்.பி. 1 என்னும் வழு எண்ணை இட்டு நிரலிடம் கையளிக்கும். நிரல் எழுதியவர் விரும்பின் அதனைப் படித்து, "உமது கோப்புப் பெரிது" என்று கூறலாம். இரண்டாவதை மீறினால் நிகழ்வது முற்றிலும் வேறு. கோப்புகளின் அணியும் படிவத்தின் ஏனைய புலங்களின் அணியும் இரண்டுமே வெறுமையாகிவிடும். நிரலின் கண்ணுக்கு, வந்தவர் எதையும் எழுதவுமில்லை, எதையும் அனுப்பவுமில்லை. ஆகவே அது வெறும் படிவத்தை மீண்டும் நீட்டும், அல்லது "தலைப்பை நிரப்புக" எனக் கேட்கும். தலைப்பை நிரப்பியவர், நிரப்பவில்லையெனக் குற்றஞ்சாட்டப்படுகின்றார். சிறிதே மீறியவனுக்கு விளக்கம் உண்டு. பெரிதாக மீறியவன் வந்தானென்பதற்கே பதிவில்லை. அலுவலகங்களில் விண்ணப்பங்களோடு அலைந்து பழகிய நம் மக்களுக்கு இவ்வனுபவம் அந்நியமானதன்று.

இம்மௌனத்தைக் கலைக்க ஒரு வழி உண்டு. கோரிக்கையின் தலைப்புப் பகுதியில் அதன் மொத்த நீளம் எழுதப்பட்டே வருகின்றது. முறை 'போஸ்ற்' ஆகவும், நீளம் சுழியத்தினும் மிகுதியாகவும், இரு அணிகளும் வெறுமையாகவும் இருப்பின், 'போஸ்ற்_மக்ஸ்_சைஸ்' மீறப்பட்டுள்ளது என ஊகிக்கலாம். இச்சோதனைக்கு நிரலில் மூன்று வரிகள் போதும்.

ஏனைய வழு எண்களையும் இவ்விடத்தே குறித்துவிடலாம். 0 எனின் யாவும் நலம். 2 என்பது படிவத்துள்ளே மறைத்து எழுதப்பட்ட எல்லை மீறப்பட்டதைக் காட்டும். 3 எனின் கோப்பின் ஒரு பகுதியே வந்து சேர்ந்தது. 4 எனின் கோப்பு எதுவும் தெரிவுசெய்யப்படவில்லை. 6 எனின் தற்காலிகக் கோப்புறை இல்லை. 7 எனின் வட்டில் எழுத இயலவில்லை. 8 எனின் பி.எச்.பி.யின் நீட்சியொன்று இடையிற் புகுந்து நிறுத்திவிட்டது. 5 என்னும் எண் இவ்வரிசையில் இல்லை. ஒரே தடவையில் ஏற்றத்தக்க கோப்புகளின் தொகைக்கும் எல்லை உண்டு, இயல்பிருப்பு 20. நாற்பது பக்கங்களை நாற்பது படங்களாக அனுப்பியவர், பாதியே வந்து சேர்ந்திருப்பதைக் கண்டு திகைப்பதன் காரணம் இதுவே.

எல்லையை மாற்றுவதிலும் ஒரு பொறி உண்டு. மேற்கூறிய இரு எண்களையும் நிரலின் உள்ளிருந்து 'இனி_செற்' கட்டளையால் மாற்ற இயலாது. நிரல் ஓடத் தொடங்கும் வேளையில் கோப்பு ஏற்கெனவே வந்திருக்கும், அல்லது மறுக்கப்பட்டிருக்கும். 'பி.எச்.பி.இனி' என்னும் அமைவுக் கோப்பிலேயே மாற்றுதல் வேண்டும். ஆயின் ஒரே வழங்கியில் இப்பெயருடன் பல கோப்புகள் இருக்கும். கட்டளைவரிக்கு ஒன்று, வலைக்கு மற்றொன்று. பிழையான கோப்பைத் திருத்திவிட்டு, மாற்றம் வரவில்லையே என மணிக்கணக்கில் வருந்துவோர் உளர். 'பி.எச்.பி.இன்ஃபோ' என்னும் செயற்கூறை உலாவியினூடாக இயக்கினால், உண்மையில் எக்கோப்பு வாசிக்கப்படுகின்றது என்பது முதற் பக்கத்திலேயே தெரியும். (பார்த்து முடிந்ததும் அப்பக்கத்தை நீக்கிவிடுதல் நன்று, வழங்கியின் உள்விபரங்களை ஊருக்கெல்லாம் அறிவித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.) திருத்திய பின்னர் வழங்கியையோ பி.எச்.பி. சேவையையோ மீள இயக்குதலும் வேண்டும். வாடகை வழங்கியில் அமைவுக் கோப்பைத் தொடும் உரிமை இல்லாதவர், பல இடங்களில் '.யூசர்.இனி' என்னும் கோப்பைத் தமது கோப்புறையில் வைத்து அதே காரியத்தைச் செய்யலாம்; அது வாசிக்கப்படுவதற்கு ஐந்து நிமிடம் வரை பொறுத்தல் வேண்டும். இருவகை எல்லைகளில், முழுக் கோரிக்கையின் எல்லை தனிக்கோப்பின் எல்லையிலும் பெரிதாக இருத்தல் அவசியம். அவை இரண்டையும் உயர்த்தி வலை வழங்கியின் எல்லையை மறந்துவிட்டால், முயற்சி அத்தனையும் 1 மெகாபைற்றிலேயே நின்றுவிடும்.

அளவு என்னும் எல்லையைக் கடந்தால், காலம் என்னும் எல்லை எதிர்ப்படும். புதுக்குடியிருப்பு போன்ற ஊர்களின் பிரச்சினை, தலைநகரத்துப் பிரச்சினையிலிருந்து பண்பளவில் வேறுபடுவது இவ்விடத்திலேதான். 40 மெகாபைற்றுக் கோப்பொன்றை வினாடிக்கு 256 கிலோபிற்று மேலேற்ற வேகத்தில் அனுப்ப ஏறத்தாழ 22 நிமிடங்கள் செல்லும். மெலிந்த கைப்பேசிச் சமிக்ஞையில் இவ்வேகம் அரிதன்று. பி.எச்.பி.யில் ஒருவரது உள்நுழைவு அமர்வின் தரவு பேணப்படும் காலத்தின் இயல்பிருப்பு 1,440 வினாடிகள், அதாவது 24 நிமிடங்கள். கோப்புச் சற்றுப் பெருத்தால், அல்லது வேகம் சற்றுத் தளர்ந்தால், கோப்பு முழுமையாக வந்து சேரும் கணத்தில் அனுப்பியவரின் அமர்வு அழிக்கப்பட்டிருக்கலாம். வந்த கோப்பைத் தள்ளிவிட்டு, உள்நுழையுமாறு வழங்கி அவரைக் கேட்கும். கொழும்பில் இருந்துகொண்டு இருபது வினாடிகளில் சோதித்துப் பார்த்த நிருவாகிக்கு இவ்வழு ஒருபோதும் தோன்றாது. எனவே அது இல்லையென்றே அவர் கொள்வார்.

அப்பாச்சியின் இயல்பிருப்புகளிடையே வேறொன்றும் உண்டு. கோரிக்கையின் உடலைப் பெற அது முதலில் 20 வினாடி அவகாசம் தரும். பின்னர் வரும் ஒவ்வொரு 500 பைற்றுக்கும் ஒரு வினாடியைக் கூட்டும். இது மிகத் தாழ்ந்த எல்லை. பெரும்பாலான இணைப்புகள் இடரின்றிக் கடந்துவிடும். ஆயினும் அதன் தோற்றுவாய் கவனிக்கத்தக்கது. வேண்டுமென்றே மெதுவாகப் பேசி வழங்கியின் வாயில்களை அடைத்துவைக்கும் தாக்குதல்களைத் தடுக்கவே இத்தகைய காவல்கள் அமைக்கப்பட்டன. வழங்கி தன் கண்ணெதிரே காண்பது மெதுவாக வரும் பைற்றுக்களை மட்டுமே. அம்மெதுமை சூழ்ச்சியால் நேர்ந்ததா, அருகிற் கோபுரமில்லாமையால் நேர்ந்ததா என்பதைப் பிரித்தறியும் வழி அதற்கில்லை. என்ஜின்எக்ஸ் இரு வாசிப்புகளுக்கிடையில் 60 வினாடி வரையே காத்திருக்கும். மின்வெட்டின்போதோ சமிக்ஞை அற்றபோதோ அது தொடர்பை முறித்துவிடும்.

தொடர்பு முறிந்தால் ஏற்படும் இழப்பு பொருளாதார இழப்பு என்பதையும் கூறவேண்டும். சாதாரணப் படிவத்தினூடான ஏற்றத்தை விட்ட இடத்திலிருந்து தொடர இயலாது. 39 மெகாபைற்று சென்றபின் அறுந்தாலும் தொடக்கம் மீண்டும் சுழியமே. தரவுப் பொதியை முற்பணம் கொடுத்து வாங்குபவருக்கு அந்த 39 மெகாபைற்றும் செலவுக் கணக்கில் ஏறிவிடும். இருமுறை அறுந்தபின் மூன்றாம் முறை முயல்வோர் சிலரே. ஆர்வமின்மை என நாம் பெயரிடும் ஒன்றன் அடியில் இத்தகைய கணக்கு இருப்பதுண்டு.

இதற்குத் தீர்வு இல்லாமலில்லை. கோப்பை உலாவியிலேயே சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிக் கோரிக்கையாக அனுப்பி, வழங்கியில் ஒன்றிணைக்கும் முறை இன்று பரவலாக உள்ளது. விக்கிமீடியா பொதுவகம் பெருங்கோப்புகளை இவ்வாறே பெறுகின்றது. ஒரு துண்டு தவறினால் அத்துண்டை மட்டும் மீள அனுப்பலாம். இம்முறையில் மேற்கூறிய அளவெல்லைகளும் பெரும்பாலும் பொருளற்றுப் போகின்றன. 1 மெகாபைற்றுக்கு உட்பட்ட துண்டு எந்த வாயிலிலும் தடைப்படுவதில்லை. எல்லையை உயர்த்துதல் சீர்திருத்தம் எனின், ஏற்றத்தின் முறையையே மாற்றுதல் அதனின் மேற்பட்டது. மெதுவான இணைப்பை விதிவிலக்காகக் கருதாது, அதனையே அடிப்படையாகக் கொண்டு அமைத்தல் அது.

கோப்பு ஒருவாறு வழங்கியை அடைந்துவிட்டது எனக் கொள்வோம். பி.எச்.பி. அதனை முதலில் தற்காலிகக் கோப்புறையொன்றில் ஒரு புதிய பெயருடன் வைக்கும். நிரல் 'மூவ்_அப்லோடட்_ஃபைல்' கட்டளையால் அதனை உரிய இடத்துக்கு நகர்த்தாவிடின், கோரிக்கை முடிந்தவுடன் அது தானாகவே அழிக்கப்படும். நகர்த்தும்போது இருவகை வழுக்கள் நேரும். வட்டு நிரம்பியிருத்தல் ஒன்று. சேருமிடக் கோப்புறையில் எழுதும் அனுமதி வலை வழங்கியின் பயனர் கணக்குக்கு இல்லாதிருத்தல் மற்றையது. டெபியன், உபுந்து முறைமைகளில் அக்கணக்கின் பெயர் 'டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ-டேற்றா'. இவ்விடத்தில் அவசரக்காரர் கோப்புறையின் அனுமதியை 777 என ஆக்கி, எவரும் எழுதலாம் எனத் திறந்துவிடுவர். வேலை நடக்கும், கதவைக் கழற்றி வைத்தாலும் உள்ளே போகலாந்தான். கோப்புறையின் உரிமையை அக்கணக்குக்கு மாற்றுவதே முறை. ஏற்றப்படும் இடத்தில் பி.எச்.பி. நிரல்கள் ஓடாதவாறு தடுத்தலும் வேண்டும். உலாவி தானாகக் கூறும் கோப்பு வகையை நம்பாது, உள்ளடக்கத்தைப் பரிசோதித்தே வகையைத் துணிதல் வேண்டும். படமென்ற பெயரில் நிரலொன்றை ஏற்றி ஒரு தளத்தையே கைப்பற்றுதல் பழைய உபாயம். பேணப்பட்ட ஆவணங்கள் மறுபடியும் அழிவதற்கு அது ஒரு வழி.

வந்து சேர்ந்த பின்னரும் ஓர் இடர் உண்டு. 48 மெகாபிக்செல் கைப்பேசிப் படமொன்றைச் சிறு படமாக்குவதற்கு அதனை விரித்து நினைவகத்தில் வைக்க வேண்டும். ஒரு புள்ளிக்கு 4 பைற்று எனக் கொண்டால் 19 கோடிக்கும் மேற்பட்ட பைற்றுக்கள். பி.எச்.பி.யின் நினைவக எல்லையின் இயல்பிருப்பு 128 மெகாபைற்று. ஏற்றம் நிறைவுற்றது, செயலாக்கம் வீழ்ந்தது. ஆயின் பயனருக்கு இரண்டும் ஒரே தோல்வியாகவே தெரியும்.

இறுதியாகப் பெயர் பற்றிய பிரச்சினை. தமிழாராய்வோர்க்கு இது தனிக் கவனத்துக்குரியது. 'புதுக்குடியிருப்பு' என்னும் சொல் இலக்கண நூலார் கணக்கில் ஒன்பது எழுத்து. ஒருங்குறியில் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி இடம் உண்டாகையால் அது பதினெட்டுக் குறிகள். ஒவ்வொரு தமிழ்க் குறியும் வழக்கிலுள்ள யுரிஎஃப்-8 குறிமுறையில் 3 பைற்று கொள்ளும். ஆக 54 பைற்று. ஆங்கில எழுத்துக்களில் அதே ஊர்ப்பெயரை எழுதினால் 17 பைற்று போதும். லினக்ஸ் முறைமைகளில் ஒரு கோப்பின் பெயர் 255 பைற்றுக்கு மேற்படலாகாது என்பது பொதுவான எல்லை. ஆங்கிலத்தில் 255 எழுத்துக்கள். தமிழில் 85 குறிகள். ஊர், பாடசாலை, மலரின் தலைப்பு, ஆண்டு எனத் தமிழில் நிறைவாகப் பெயரிட்ட ஒருவர் இவ்வெல்லையை இலகுவில் முட்டிவிடுவார். ஒழுங்காகப் பெயரிட்டதே அவரது குற்றமாகின்றது.

இதனினும் நுட்பமான சிக்கலொன்று உண்டு. 'கோ' என்னும் எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பும் காலும் என இரு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு பைற்றுத் தொடர்கள். பழைய மக் கணினிகளின் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அங்கிருந்து ஏற்றப்பட்ட 'கோவில்' என்னும் கோப்பை மற்றொரு கணினியிலிருந்து தேடினால், "அவ்வாறு எதுவுமில்லை" என வழங்கி சாதிக்கும். பெயரைச் சேமிக்குமுன் பி.எச்.பி.யின் 'நோமலைசர்' வகுப்பால் ஒரே வடிவுக்குக் கொணர்தல் இதற்கு மருந்து. மேலும், பாதையிலிருந்து பெயரைப் பிரித்தெடுக்கும் 'பேஸ்நேம்' செயற்கூறு வழங்கியின் மொழிச்சூழலைச் சார்ந்து இயங்குவது. மொழிச்சூழல் உரியவாறு அமைக்கப்படாத வழங்கிகளில் அது தமிழ்ப் பெயர்களைச் சிதைத்துவிட்டதுண்டு.

நூலகம் தளத்தின் முகவரிகளைக் கவனித்தோர், அங்கு மின்னூற் கோப்புகள் எண்ணிட்ட கோப்புறைகளில் எண்களையே பெயராகக் கொண்டு இருப்பதைக் கண்டிருப்பர். நூலின் தமிழ்ப் பெயர், ஆசிரியர், ஆண்டு முதலியன விக்கிப் பக்கத்தில் முழுமையாக எழுதப்பட்டுள்ளன. பெயரைப் பட்டியலிலும் எண்ணைக் கோப்பிலும் வைக்கும் இம்முறை நூலகவியலார் நெடுங்காலமாகக் கையாண்டதே. மேற்கூறிய இடர்கள் அனைத்தையும் அது ஒரே வீச்சில் விலக்கிவிடுகின்றது. புதிதாக ஆவணத் தளம் அமைப்போர் இதனைப் பின்பற்றலாம். ஆயின் அனுப்பியவர் இட்ட தமிழ்ப் பெயரைத் தூக்கியெறியாது, தரவுத்தளத்தில் அவ்வாறே பேணுதல் வேண்டும். 'அம்மாவின் பெட்டியிலிருந்து எடுத்தது' என ஒருவர் தம் கோப்புக்குப் பெயரிட்டிருப்பின், அப்பெயரும் ஆவணத்தின் ஒரு பகுதியே.

தளம் நடத்துவோரில் ஒரு சாரார், "கோப்பைச் சிறிதாக்கி அனுப்புக" என்பதையே எல்லாவற்றுக்கும் மறுமொழியாகத் தருவர். ஓர் ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் செறிவில் வண்ணத்தில் வருடினால் 86 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் கிடைக்கும். சுருக்காத நிலையில் 2 கோடியே 60 இலட்சம் பைற்றுக்கள். ஜேபெக் முறையிற் சுருக்கினால் சில மெகாபைற்றுக்குள் அடங்கும். அதற்கு மேலும் நசுக்கும்போது முதலில் மறைவன மங்கிய மையும், முத்திரையின் விளிம்பும், பென்சிலால் ஓரத்தில் எழுதிய எண்ணும். நனைந்து காய்ந்த ஓர் அனுமதிப்பத்திரத்தில் நமக்கு வேண்டியவை அவைதாம். பார்வைக்கான பிரதியைச் சிறிதாக்கும் பணியை வழங்கி செய்யட்டும். மூலத்தை அனுப்புபவரின் கையாற் சிதைக்கச் செய்தல் ஆவணப் பணியாகாது.

தளம் நடத்துவோர் உடனடியாகச் செய்யத்தக்கது எளிது. படிவத்தின் மேலே, "ஒரு கோப்பு 64 மெகாபைற்றுக்கு மேற்படலாகாது, ஒரு தடவையில் 20 கோப்புகள் ஏற்றலாம்" என உண்மையான எல்லைகளைத் தமிழில் எழுதி வைத்தல், அவ்வெண்களைக் கையால் எழுதாது, 'இனி_கெற்' கட்டளையால் வழங்கியிடமே கேட்டுப் பெறுதல். ஒவ்வொரு வழு எண்ணுக்கும் எதிரே ஒரு தமிழ் வாக்கியம் அமைத்தல்: "உமது கோப்பின் ஒரு பகுதியே வந்தது, இணைப்பு இடையில் அறுந்தது, மீண்டும் அனுப்புக", "எமது வழங்கியில் இடம் போதவில்லை, இது உமது தவறன்று". இருபது வரிகளுக்கு மேற்படாத நிரல் இது. அதனுடன், வாரத்தில் ஒரு நாளேனும் நிருவாகி தமது கைப்பேசியின் வலையமைப்பைப் பழைய மூன்றாம் தலைமுறைக்குத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, 40 மெகாபைற்றுக் கோப்பொன்றைத் தமது படிவத்தினூடாகத் தாமே அனுப்பிப் பார்த்தல் வேண்டும்.